விளக்கெண்ணெய் குடித்த வண்டி

யூடியூபில் பத்து நிமிடத்தில் முடிகிற எந்த வேலையும் வீட்டில் பத்து நிமிடத்தில் முடியாது. இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கிற டெஸ்டர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் தப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மாதிரி திமிர் வரும். எனக்கு வண்டி வண்டியாக வந்திருந்தது. (இன்னும் முழுசாக இறங்கவில்லை என்பது அம்மாவின் கட்சி.)

விவேக் நகரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு அப்பாவின் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அப்பா அதில்தான் வருஷக்கணக்காக ஃபேக்டரிக்குப் போய்வந்தார். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தி, "கொஞ்ச நாள் போவட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்றார். அந்தக் கொஞ்ச நாளில் நான் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். வண்டியின் மேல் முதலில் மழைக்கோட்டு காய்ந்தது. அப்புறம் மிதியடி. அப்புறம் வெங்காயக் கூடை நிரந்தரமாகக் குடியேறியது. ஆனாலும் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெங்காயத்தை இறக்கி, டேங்கை மட்டும் துடைத்து, மறுபடி வெங்காயத்தை ஏற்றிவைப்பார்.

சின்ன வயதில் அந்த டேங்க் மேல் உட்கார்ந்துதான் நான் ஊர் பார்த்தேன். அதனால் எனக்கும் அதன் மேல் பாசம் உண்டு. தூரத்துப் பாசம்தான். ஒருநாளும் நான் துடைத்ததில்லை.

அந்த வருஷம் அம்மா வாஷிங் மெஷின் வாங்குவது என்று முடிவெடுத்தாள். குழாயும் தண்ணீர் போகிற வழியும் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் மாடிப்படிக்குக் கீழேதான். "ஆயுத பூஜைக்கு மறுநாளு குஜரிக்காரன வரச் சொல்லிட்டேன்" என்று சாம்பாரை ஊற்றியபடியே அறிவித்தாள். குஜரிக்காரன் என்றால் எங்கள் பெங்களூர் பாஷையில் பழைய இரும்புக்காரன். அப்பா சாப்பிட்டார், கை கழுவினார், போய் வெங்காயத்தை இறக்கிவைத்து டேங்கைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"வண்டிய நான் ஓட வெச்சிக் காட்டுறேன்" என்றேன்.

"யாரு, நீயா? மிக்ஸி மூடியே உனக்கு நேரா மூடத் தெரியாது."

"காட்டுறேன் பாரு."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. ஆயுத பூஜை அன்னிக்கி பூஜை போட்டு எலுமிச்சம்பழம் வெப்பேன். யாரும் தள்ளக் கூடாது. வண்டி தானா கெளம்பி எலுமிச்சம்பழத்த நசுக்கணும். நசுக்கிச்சின்னா வண்டி இங்கியே கெடக்கட்டும், நான் கையாலயே தோச்சிக்கிறேன். நசுக்கலன்னா குஜரி. அப்புறம் அப்பாவும் பொண்ணும் மூஞ்சத் தூக்கிவெச்சிக்கக் கூடாது."

ஆக, ஒரு மோட்டார் சைக்கிளின் ஆயுள் ஒரு எலுமிச்சம்பழத்தில் வந்து நின்றது.

இந்த இடத்தில் அப்பா உதவியிருப்பாரே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாளே உண்மை தெரிந்தது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய அப்பாவுக்கு அதில் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. மெக்கானிக் கடையில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, "சவுண்டு சரியில்லியே" என்று சொல்வார். எல்லா மெக்கானிக்கிடமும் எல்லாத் தடவையும் இதையேதான் சொல்வார். அது நோய் கண்டுபிடிப்பது அல்ல, ஒரு மரியாதைக்கு விசாரிப்பது. இந்த ரகசியம் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்தது. (அம்மாவுக்கு முன்னமே தெரியுமாம். நாங்கதான் லேட்.)

முதல் பிரச்சினை, கிக்கர் அசையவில்லை. நான் ஏறி நின்றேன். குதித்தேன். அப்பா ஏறி நின்றார். கிக்கர் எங்கள் குடும்பத்தையே தாங்கிக்கொண்டு நின்றது. பிஸ்டன் உள்ளே இறுகிவிட்டது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும் என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். அவர் சொன்ன எண்ணெய் விவேக் நகரில் கிடைக்காது. என்ன எண்ணெய் விடலாம் என்று நானும் அப்பாவும் மாடிப்படியில் உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்தபோது, துணி பிழிந்துகொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அடைச்சிக்கினு இருந்தா விளக்கெண்ணெய்தான். மனுசனுக்கே அதான், வண்டிக்கு என்ன?"

கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் எங்களுக்கு அது பொறி தட்டியது. வயிற்றுக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து இரண்டு ஸ்பூன் விட்டேன். இரண்டு ஸ்பூன் எந்த மூலைக்கு என்று தோன்றியது. பாட்டிலையே கவிழ்த்தேன். போதவில்லை என்று அப்பா போய் இன்னொரு பாட்டில் வாங்கிவந்தார். நாலைந்து நாள் ஊறியதும், ஒரு சனிக்கிழமை காலை, கிக்கர் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு இறங்கியது. நானும் அப்பாவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அம்மா தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரே துரு. வினிகர் ஊற்றச் சொன்னார் வெள்ளைக்காரர். எங்கள் வீட்டில் வினிகர் ஏது? புளிப்பாக இருந்தால் போதும் என்று நானே ஆராய்ச்சி செய்து, குத்துவிளக்கு தேய்க்கிற அதே தத்துவத்தில், மாசத்துக்கு வாங்கிவைத்திருந்த மொத்தப் புளியையும் கரைத்து டேங்குக்குள் ஊற்றினேன். டேங்க் சுத்தமானது. ஆனால் எத்தனை தடவை அலசினாலும் அதிலிருந்து ரச வாசனை போகவில்லை. வீட்டில் அந்த வாரம் முழுக்க ரசம் இல்லை, வாசனை மட்டும் மாடிப்படிக்குக் கீழே இருந்து வந்தது. அப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டார். குறை சொல்லவில்லை.

பிறகு கார்புரேட்டர். அதை டி.வி. முன்னால் பேப்பர் விரித்து அக்கக்காகக் கழற்றினேன். ஊக்கால் துளையெல்லாம் குத்தித் துடைத்து, வீடியோவைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டித் திரும்ப மாட்டினேன். எல்லாம் மாட்டி முடித்த பிறகு பேப்பரில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. விரல் நீள ஸ்பிரிங். எங்கள் ஆபீசில் இதற்கு ஒரு வழி உண்டு. ரிலீஸ் நெருங்கும்போது இப்படி ஏதாவது அகப்பட்டால், தெரிந்த குறைதான், பெரிதாக ஒன்றுமில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று மூடிவிடுவோம். அந்த ஸ்பிரிங்கையும் ஒரு காலிப் பெருங்காய டப்பாவில் போட்டு மூடினேன்.

கடைசியாக, தீப்பொறி வருகிற இடம். சைடு மூடியைத் திறந்தால் வட்டமான ஒரு தகடு, அதை மூன்று ஸ்குரூக்கள் பிடித்திருந்தன. அந்த ஸ்குரூக்கள் துளையின் நடுவில் இல்லாமல் எல்லாமே ஓரமாக ஒதுங்கியிருந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தது. எந்த மடையன் இப்படிக் கோணலாக மாட்டினான் என்று திட்டிக்கொண்டே, தகட்டைத் திருப்பி, மூன்றையும் துளையின் நட்ட நடுவில் வைத்து முடுக்கினேன். கண்ணுக்கு லட்சணமாக வந்தது. போட்டோகூட எடுத்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, ஒரே ஒரு உதை உதைத்தேன். 'பட்' என்று ஒரு வெடி. கிக்கர் திரும்பி வந்து என் கெண்டைக்காலில் அடித்தது. உயிர் போகிற வலி. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அப்பா முகம் நிறைய சோப்பு நுரையோடு ஓடிவந்தார். வந்து டேங்க் மேல் கையை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கெண்டைக்கால் மறந்துபோயிற்று. மறுபடி உதைக்கப் போனேன். அம்மா தடுத்துவிட்டாள். "நாளைக்கி பூஜ போட்டு நல்ல நேரத்துல ஸ்டார்ட் பண்ணு. இப்ப ராகு காலம்." டெஸ்டர் வேலை பார்க்கிற நான், டெஸ்ட் எதுவும் செய்யாமல் போய்ப் படுத்தேன். ஆபீசில் யாராவது இப்படிச் செய்திருந்தால் மெயில் போட்டே கொன்றிருப்பேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். சைக்கிளிலிருந்து டெம்போ வரை எல்லா வண்டியும் குளித்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிற்கும். எங்கள் வண்டியை நானும் அப்பாவும் உருட்டிவந்து வாசலில் நிறுத்தினோம். சரியாக அதற்குப் பின்னால், எதிர்வீட்டு மஞ்சு அண்ணாவின் ஆட்டோ. மஞ்சு அண்ணா கன்னடக்காரர், எங்களோடு பேசுவது பாதி தமிழ், பாதி கன்னடம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி மறைய சாமந்தி போட்டு, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டு, மனைவி ரத்னா குளித்துவிட்டு வருவதற்காகக் காத்திருந்தார்.

அம்மா எங்கள் வண்டிக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள். கொடுத்த வாக்கு வாக்குதான் என்று முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். கிளம்பியதும் உடைப்பதற்காக அப்பா பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அக்கம்பக்கத்தில் பந்தயம் தெரிந்துவிட்டிருந்ததால் நல்ல கூட்டம்.

உதைத்தேன். ஒன்றுமில்லை. உதைத்தேன். 'பட்'. கிக்கர் மறுபடி திருப்பி அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு உதை. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, 'டபடபடப' என்று உயிர் பெற்றது.

கூட்டம் கைதட்டியது. அப்பா கண் கலங்கினார். அப்புறம் புகை வந்தது.

இரண்டு பாட்டில் விளக்கெண்ணெயும் சைலன்சரில்தான் போய்த் தங்கியிருக்கிறது போல. வெள்ளைவெளேர் என்று கெட்டிப் புகை, பந்து பந்தாகக் கிளம்பி, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மூடிவிட்டது. மேல்மாடியில் யாரோ, "கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்க, ஜன்னல மூடு, ஜன்னல மூடு" என்று கத்தினார்கள். படபடவென்று ஜன்னல்கள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒருவர் தன் வீட்டுப் பக்கமும் அடிக்கச் சொல்லி வீட்டு நம்பரைச் சொன்னார். புகைக்கு நடுவிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ரேவதி, சவுண்டு சரியில்லமா!"

வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா சொன்னது சரியாக இருந்தது. நான் கேட்கவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டேன். எலுமிச்சம்பழத்தைக் கண்ணால் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

அந்த நொடியில் என் மூளை அதை நம்பவே இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால், தெருதான் முன்னால் போகிறது என்று நினைத்தேன். எங்கள் வீட்டு வாசல், அம்மா, கற்பூரத் தட்டு, எலுமிச்சம்பழம், எல்லாம் என்னை விட்டுவிட்டுப் புகைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஆக்சிலரேட்டரைத் தணித்தேன். அது தணியவில்லை, முறுக்கிய இடத்திலேயே நின்றது. பெருங்காய டப்பாவில் இருக்கிற ஸ்பிரிங்குக்கு என்ன வேலை என்று அப்போதுதான் விளங்கியது.

"ஏய் ரேவதி! நில்சம்மா, நில்சு! ஹிந்தே பர்தா இதே!" என்று மஞ்சு அண்ணா அலறினார். நிறுத்தச் சொல்கிறார், வண்டி பின்னால் வருகிறது என்கிறார். பதற்றத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் வரும். எனக்கு அதுவும் வரவில்லை. "ஐயோ ஐயோ ஐயோ" என்று மட்டும் வந்தது. பிரேக் என்று ஒன்று இருப்பது, ஆட்டோவில் போய் டமார் என்று இடித்து இன்ஜின் அணைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இடித்த சத்தத்தில் அப்பா பூசணிக்காயைக் கீழே போட்டுவிட்டார். அது அவர் காலடியிலேயே சிதறியது. அந்தச் சடங்கு மட்டும் குறையில்லாமல் நடந்தது.

புகை விலகியபோது நிலவரம் இதுதான். நான் வண்டி மேல், ஒரு வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவின் முன் மட்கார்டு நெளிந்திருந்தது. அம்மா வைத்த எலுமிச்சம்பழம் வைத்த இடத்தில் பத்திரமாக, பளபளவென்று இருந்தது. மஞ்சு அண்ணா ஆட்டோவுக்கு முன்னால் வைத்திருந்த பழம்தான் எங்கள் பின் சக்கரத்துக்கு அடியில் கூழாகிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ரத்னா அக்கா ஈரத்தலையில் துண்டோடு, ஆரத்தித் தட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சண்டை என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். அவர் குனிந்து, நசுங்கிய பழத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்து கணவரைக் கூப்பிட்டார்.

"ஏன்றீ, இங்க பாருங்க. நம்ம ஆட்டோ திருஷ்டி எல்லாம் அவுங்க பைக்குக்குப் போயிருச்சு!"

மஞ்சு அண்ணா ஒரு கணம் யோசித்தார். நெளிந்த மட்கார்டைத் தட்டிப் பார்த்தார். "ஹௌது" என்று ஒத்துக்கொண்டார். கோபம் பாதி இறங்கிவிட்டது.

அம்மாவுக்கு அங்கேதான் ஏறியது. மெஷின் போனால்கூடப் பரவாயில்லை, அடுத்தவர் வீட்டுத் திருஷ்டியை, அதுவும் பூஜை நாளில், இலவசமாக வாங்கிக்கொள்வதா? "குஜரிக்காரனுக்கு இன்னிக்கே போன் போடு" என்றாள். "நாளைக்கி வரைக்கும் இது வாசல்ல நிக்கக் கூடாது."

தோற்றுவிட்டேன். தெருவே பார்க்கத் தோற்றதைவிட, அப்பா இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எதைத் துடைப்பார் என்பதுதான் என்னை அழவைத்தது. நிஜமாகவே அழுதேன்.

அப்பா வந்தார். வேட்டி முழுக்கப் பூசணி விதை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"பழம் நசுங்கிச்சி" என்றார்.

"அது நம்ம பழம் இல்ல. மஞ்சு வூட்டுப் பழம்" என்றாள் அம்மா.

"எலுமிச்சம்பழத்த நசுக்கணும்னுதான சொன்ன. யார் வூட்டுப் பழம்னு சொன்னியா?"

"அதுக்குன்னு? பின்னாடி போயா நசுக்குவாங்க?"

"முன்னாடி போவணும்னு சொன்னியா? தானா கெளம்பணும்னு சொன்ன, கெளம்பிச்சி. யாரும் தள்ளக் கூடாதுன்ன, யாரும் தள்ளல. நிறுத்தத்தான் முடியல. மஞ்சு, நீயே சொல்லுப்பா, நசுங்கிச்சா இல்லியா?"

"நசுங்கிச்சு சார்" என்றார் மஞ்சு அண்ணா. "சன்னாகி நசுங்கிச்சு." நன்றாகவே நசுங்கிவிட்டது என்று சான்றிதழ்.

அப்பா ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி அம்மாவே அதுவரை கேட்டதில்லையாம். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப மெஷின எங்க வெக்கிறது? உங்க தலைலயா?" என்றாள். அதற்குமேல் குஜரிப் பேச்சு எழவில்லை.

வண்டிக்கு என்ன வந்தது என்று பிறகு இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் தீப்பொறி வருகிற நேரம் தப்பினால், சில சமயம் இன்ஜின் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடுமாம். அப்போது கியர் போட்டால் வண்டி பின்பக்கம் போகும். அந்த மூன்று ஸ்குரூக்களை ஓரமாக வைத்தவன் மடையன் இல்லை. நட்ட நடுவில் வைத்து போட்டோ எடுத்தவள்தான். அப்புறம் அப்பா பழைய மெக்கானிக்கிடம் விட்டுச் சரிசெய்தார். இப்போது முன்னால்தான் ஓடுகிறது. ரசமும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாசனை மட்டும் நின்றுவிட்டது. அப்பா மாதம் ஒரு தடவை தெருமுனை வரை ஓட்டிப்போய் வந்து, சவுண்டு சரியில்லை என்கிறார்.

வாஷிங் மெஷின் ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், சமையலறைக் குழாயிலிருந்து இழுத்த நீளப் பைப்போடு இருக்கிறது. அது சுற்ற ஆரம்பித்தால் செய்தி வாசிப்பவரின் உதடு மட்டும்தான் அசையும். எங்கள் வீட்டில் யார் எந்த வேலையைக் குளறுபடியாகச் செய்து முடித்தாலும், கேள்வி கேட்டால் பதில் ஒன்றுதான்: "பழம் நசுங்கிச்சா இல்லியா?" ரசம் கெட்டியானாலும் இதுதான், ஹாஸ்டலில் தங்கிப் படித்த என் தம்பி அரியர் வைத்துப் பாஸானதும் இதுதான்.

போன ஆயுத பூஜைதான் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பூஜை. கணவரோடு போயிருந்தேன். அம்மா வண்டிக்குச் சந்தனம் வைத்து, முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பழம் வைத்தாள். பிறகு சுற்றிப் போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னால் இன்னொன்று வைத்தாள்.

"பின்னாடி எதுக்கு அத்த?" என்று விவரம் தெரியாமல் கேட்டார் என் கணவர்.

"உங்க பொண்டாட்டி ஏறி உக்காந்தா எந்தப் பக்கம் போகும்னு யாருக்குத் தெரியும் மாப்ள?" என்றாள் அம்மா, பழத்தைச் சக்கரத்தோடு நன்றாக ஒட்டி வைத்தபடி. "எந்தப் பக்கம் போனாலும் நம்ம வூட்டுப் பழமே நசுங்கட்டும்."